ஏழாம் பக்கத்துச் சிவப்பு அம்பு

நவநீதனின் பெயர் பல்கலைக்கழக வாசலில் சிவப்பு எழுத்தில் ஓடத் தொடங்கியதிலிருந்து, அவர் பின்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போய்வருகிறார்.

பாலாற்றுச் சமவெளி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் பள்ளிகொண்டாவுக்கு அருகே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. அதன் வாசலில் ஒரு மின்பலகை. பக்கத்துப் பெட்ரோல் பங்கின் விலைப்பலகையை விட இரண்டு அடி உயரமாக இருக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டு வைத்தது. 'முனைவர் நவநீதன், தர்க்கவியல், உலக மேற்கோள் எண்ணிக்கை 1146' என்று அதில் ஓடும். அவருடைய கட்டுரையை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் அந்த எண். நூறு தாண்டியவருக்குக் காவலாளி உட்கார்ந்தபடி சலாம் வைக்கவேண்டும், ஐந்நூறு தாண்டினால் எழுந்து வைக்கவேண்டும் என்று சுற்றறிக்கை இருந்தது. ஆயிரம் தாண்டியவருக்கு என்ன என்று அதில் சொல்லவில்லை. அதனால் நவநீதனைக் கண்டால் காவலாளி எழுந்து, சலாம் வைத்து, அதுவும் போதாதோ என்ற பயத்தில் விசிலையும் ஊதிவிடுவார். பின்வாசலில் காவலாளி இல்லை.

மேற்கோள் காட்டியது உலகம் என்று பலகை சொன்னது. அந்த உலகத்தில் முக்கால்வாசி இதே காம்பவுண்டுக்குள் இருந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் மேற்கோள் நாள். அன்று ஒவ்வொரு துறையும் தன் கட்டுரைகளில் நவநீதனைக் காட்டியாக வேண்டும். தோல் பதனிடும் கழிவுநீரில் குரோமியம் எவ்வளவு என்று ஆராய்ந்தவர் காட்டினார். ஒடுகத்தூர் வேர்க்கடலையில் இலைப்புள்ளி நோய் பற்றி எழுதியவர் காட்டினார். செவிலியர் மாணவிகளுக்குக் குதிகால் வலி ஏன் வருகிறது என்று எழுதிய அம்மாள் முதல் வரியிலேயே காட்டிவிட்டு, பிறகுதான் குதிகாலுக்கு வந்தார். நவநீதனும் ஒடுகத்தூர்க்காரர்தான். தன்னால் வேர்க்கடலைக்கு என்ன ஆயிற்று என்று அறிய அந்தக் கட்டுரையை ஒருமுறை முழுக்கப் படித்தார். ஒன்றும் ஆகவில்லை.

இத்தனைக்கும் காரணமான கட்டுரை பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எழுதியது. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்தது. சாரம் இவ்வளவுதான்: 'இதற்குப் பிறகே அது' என்று சொல்லும் விதிகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். அவற்றை இரண்டிரண்டாக எடுத்துப் பாருங்கள். எந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை என்றால், மொத்தமும் மோதாது.

இதைப் படித்ததும் பல்கலைக்கழகம் எழுந்து உட்கார்ந்தது. படித்தது என்று சொல்வது பிழை, கேள்விப்பட்டது. அதனிடம் நானூற்றுப் பதினொன்று விதிகள் இருந்தன. ஒரு குழு இரண்டு வருடம் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே அவற்றை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டது. போன வருடம் நானூற்றுப் பன்னிரண்டாவது விதி சேர்ந்தபோது, மிச்ச ஜோடிகளை ஒரே மத்தியானத்தில் முடித்தது. ஆக மொத்தம் எண்பத்து நான்காயிரத்து அறுநூற்று அறுபத்தாறு ஜோடிகள். ஒன்றும் மோதவில்லை. 'முரணற்ற பல்கலைக்கழகம்' என்று லெட்டர்பேடில் அச்சடித்துக்கொண்டார்கள். கீழே நவநீதனின் கையெழுத்து ரப்பர் ஸ்டாம்பாக விழுந்தது.

பிப்ரவரியில் ஒருநாள் ஜாஸ்மின் அவர் அறைக்கு வந்தாள். அவரிடம் ஐந்து வருடமாக ஆராய்ச்சி செய்கிற பெண். ஆம்பூர்க்காரி. அவளுடைய அம்மா பூவம்மாள் அங்கே ஷூ கம்பெனி ஒன்றில் செக்கிங்கில் இருக்கிறார். ஷூவில் எங்கே தையல் பிசகியிருக்கிறதோ, எங்கே பசை வழிந்திருக்கிறதோ, அந்த இடத்தைக் காட்டி விரல்நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் பூவம்மாளின் இருபத்திரண்டு வருட வேலை. கம்பெனியில் அதை 'ஆரோ' என்பார்கள். அம்பு ஒட்டிய ஷூ சரிசெய்யப்பட்டுத் திரும்பி வரும். ஒட்டியவர் பார்த்து, சரி என்று தோன்றினால், ஒட்டியவர்தான் அதைப் பிய்க்கவேண்டும். வேறு யார் கையும் அம்பின் மேல் படக்கூடாது. மேனேஜரே வந்தாலும் இதுதான் சட்டம்.

ஜாஸ்மின் நவநீதனின் கட்டுரையை மேசைமேல் வைத்துப் புரட்டினாள். ஏழாம் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

"இன்னாம்மா இது?"

"அம்மாகிட்ட வாங்கினேன் சார். பதினோராவது வரி. இரண்டுக்கு நிரூபிச்சுட்டு, 'மூன்றுக்கும் அதற்கு மேலும் இதுவே பொருந்தும் என்பது தெளிவு'ன்னு போட்டிருக்கீங்க. எனக்குத் தெளிவா இல்ல சார்."

"ஏன்?"

"தீசிஸ் குடுக்கணும்னா மூணு சர்டிபிகேட் வாங்கணும் இல்லியா? எப்படி வாங்கறதுன்னு ரூலப் படிச்சேன் சார். லைப்ரரி சர்டிபிகேட் வேணும்னா மொதல்ல ஹாஸ்டல் காலி பண்ணியிருக்கணும். ரூம்ல புக்கு கெடக்கும்ல. ஹாஸ்டல் காலி பண்ணணும்னா மொதல்ல ஐ.டி. கார்டை ஒப்படைச்சிருக்கணும். ஐ.டி. கார்டு ஒப்படைக்கணும்னா மொதல்ல லைப்ரரி சர்டிபிகேட் காட்டணும், அதான் புதுசா வந்த நானூத்திப் பன்னெண்டு. எந்த ரெண்ட எடுத்தாலும் சண்டையே இல்ல சார். மூணும் சேந்தா சுத்துது."

ஒரு தர்க்கவியல்காரருக்கு இது புரிய நான்கு வினாடி ஆயிற்று. ஒப்புக்கொள்ள நான்கு மாதம்.

"பாக்கலாம்மா," என்றார். "இதுல ஒரு நுணுக்கம் இருக்குது."

ஒரு நுணுக்கமும் இல்லை. அந்த வரியை எழுதிய நாளில் 'தெளிவு' என்ற சொல்லுக்கு முன்னால் பேனா ஒரு கணம் நின்றது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஜாஸ்மின் போனதும் கதவைச் சாத்தினார். அம்பை நகத்தால் நெம்பிப் பிய்த்து, குப்பைத்தொட்டியில் போட மனம் வராமல், மேசையின் அடிப்பக்கத்தில் ஒட்டினார். மார்ச்சில், மேற்கோள் அதிகமுள்ளவருக்குத் தரும் 'தாக்கப் பேராசிரியர்' பதவிக்கு நேர்முகம் இருந்தது. அது முடியட்டும் என்று நினைத்தார். நேர்முகம் முடிந்தது, பதவியும் வந்தது. அதன்பிறகு காலை நாற்காலியில் மடக்கி உட்காரும்போதெல்லாம் முழங்கால் அந்த ஸ்டிக்கரில் உரசியது. அவமானமாக இருந்தது. ஏப்ரலில் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

ஜூன் வந்தது. ஜாஸ்மினின் ஆய்வேடு அச்சாகி, பைண்டிங் ஆகி, கையில் கனத்துக்கொண்டிருந்தது. முப்பதாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, ஐந்து வருடமும் போயிற்று. அவள் நூலகத்திலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து ஐ.டி. பிரிவுக்கும், அங்கிருந்து நூலகத்துக்கும் நடந்தாள். அவளோடு இன்னும் பதினாறு பேர் நடந்தார்கள். மூன்றாவது வாரத்தில் அவர்கள் நடந்த வழியில் புல் மறைந்து தடம் விழுந்தது. தடத்துக்கு நடுவில் ஒருவர் டீக்கடை போட்டார்.

விதிகள் மோதினால் முறையிட ஒரு படிவம் உண்டு. 'மோதும் விதிகளின் எண்களை எழுதுக' என்று அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. நவநீதன் தேற்றத்தின்படி மோதல் என்றால் இரண்டு விதிகளுக்குள்தான் இருக்கமுடியும். அதனால் மூன்றாவது கட்டம் போடவில்லை. ஜாஸ்மின் இரண்டு எண்களைக் கட்டத்திலும் மூன்றாவதை ஓரத்திலும் எழுதிக் கொடுத்தாள். படிவம் திரும்பி வந்தது. 'ஓரத்தில் எழுதுதல் கூடாது. கட்டத்தில் உள்ள இரண்டுக்கும் முரண் இல்லை. காண்க: நவநீதன், பக்கம் 7.' கீழே அவருடைய கையெழுத்து ஸ்டாம்பு.

அதை அவர் முன்னால் வைத்துவிட்டு ஜாஸ்மின் மறுபடி நூலகத்துக்கு நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

நவநீதன் நேரே நூலகர் இஷ்தியாக் அகமதுவிடம் போனார். நல்ல மனிதர்.

"சார், அந்தப் பொண்ணுக்கு நான் இன்னா பேஜார் பண்ணப் போறேன்? இப்பவே கையெழுத்துப் போட்டுடுவேன். ஆனா அத்தப் பாருங்க," என்று சுவரைக் காட்டினார். தேற்றம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. "ரூலு மோதாதுன்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க. அப்ப அவங்க எங்க மொதல்ல போறதுன்னு தெரியாமதானே சுத்துறாங்க?"

அடுத்து, தர உறுதிப் பிரிவின் இயக்குநர் வேதாசலத்தின் அறை. பலகை அவர் யோசனை, மேற்கோள் நாளும் அவர் யோசனைதான்.

"சார், என் தேற்றம் தப்பு."

வேதாசலம் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தினி சதவீதம்?"

"சதவீதமெல்லாம் இல்ல சார். தப்பு."

"நவநீதன், உக்காருங்க. ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு பேரு காட்டியிருக்காங்க. சரியான ஒண்ண நம்ப வெக்க எவனுக்கு வேணா முடியும். ரெண்டும் ரெண்டும் நாலுன்னா யாரு நம்ப மாட்டான்? தப்பான ஒண்ண இத்தினி பேரு நம்புறாங்கன்னா, அதுக்குப் பேருதான்யா தாக்கம்!"

"யாரும் படிக்கல சார். படிச்சிருந்தா ஏழாம் பக்கத்துலயே தெரிஞ்சிருக்கும்."

"படிச்சா எண்ணிக்கை கம்மியாயிடும்ல? நாங்க படிக்கச் சொல்லியா சுற்றறிக்கை விட்டோம்? காட்டச் சொல்லித்தான் விட்டோம்."

"அப்ப நான் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

"தாராளமா. படிவம் இருக்குது. அதோட எங்க தரச்சான்று ஒண்ணு இணைக்கணும். ஆனா பிழை இருக்கிற கட்டுரைக்கு நாங்க தரச்சான்று குடுக்கிறதில்ல."

"சார், பதினேழு பசங்க தெனமும் சுத்திச் சுத்தி நடக்கிறாங்க."

வேதாசலத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தேன், பாத்தேன். வளாக உடல்நல அறிக்கையில சேத்தாச்சு. ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒம்பது கிலோமீட்டர். போன வருஷம் இந்தத் தலைப்புல நமக்குப் பூஜ்யம்."

நவநீதன் வெளியே வந்தார். படிவம்தான் தடுக்கிறது, தன்மேல் குற்றமில்லை என்று தடத்தின் ஓரமாக நின்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். ஜாஸ்மின் ஆய்வேட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தாள். அவர் டீக்கடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

இருபத்தெட்டாம் தேதி தாக்கத் திருவிழா. தாக்கப் பேராசிரியருக்குப் பொன்னாடை. அரங்கில் எண்ணூறு பேர். கடைசி வரிசையில் ஜாஸ்மினும், அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்திருந்த பூவம்மாளும். வரவேற்புரை முடிந்ததும் நவநீதன் மைக்கைப் பிடித்தார்.

"என்னுடைய தேற்றம் தவறு," என்றார். "ஏழாம் பக்கத்தில் உடைகிறது. கண்டுபிடித்தவள் என் மாணவி ஜாஸ்மின். பிப்ரவரியில் அவள் அங்கே ஒரு சிவப்பு அம்பு ஒட்டினாள். நான் அதைப் பிய்த்து மேசைக்கு அடியில் ஒட்டிவிட்டேன். பதவிக்காக ஒட்டினேன். அதனால் பதினேழு பேர் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள். இது என் குற்றம்."

'மேசைக்கு அடியில்' என்ற இடத்தில் அரங்கம் சிரித்தது. நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். பூவம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

வேதாசலம் பாய்ந்து வந்து அவரைத் தழுவிக்கொண்டார். "பாத்தீங்களா! ஊர்ல அவனவன் ஒரு தேற்றத்துக்கே திண்டாடறான். இவரு தேற்றத்தையும் கண்டுபிடிச்சு, அதை உடைக்கிறதையும் இவரே கண்டுபிடிச்சிருக்காரு! ஒரே ஆளுக்கு ரெண்டு தாக்கம்! இனிமே தேற்றத்த ஒரு தரம் காட்டுறவங்க, அது தப்புங்கறதுக்கும் ஒரு தரம் காட்டணும்னு கேட்டுக்கிறேன்."

"ஜாஸ்மின்..." என்றார் நவநீதன். அதற்குள் நாதஸ்வரம் முழங்கத் தொடங்கிவிட்டது.

சாயங்காலம் பலகையில் இரண்டு வரி ஓடியது. 'நவநீதன் தேற்றம் 1146. நவநீதன் முரண் 1.' விழா அறிக்கையில், 'ஓர் ஆய்வு மாணவி உடனிருந்து உதவினார்' என்று இருந்தது.

வாசலில் பூவம்மாள் அவரை நிறுத்தினார்.

"சார், நீங்க பெரிய படிப்பு. தப்பா நெனக்காதீங்க. எங்க லைன்ல யாராவது ஆரோவப் பிச்சுட்டு ஷூவ பாக்ஸ்ல போட்டாங்கன்னா, அன்னிக்கே அவங்கள கேட்டுக்கு வெளிய அனுப்பிடுவாங்க. பொன்னாடையெல்லாம் போடமாட்டாங்க."

காவலாளி எழுந்து, சலாம் வைத்து, விசில் ஊதினார். நவநீதனுக்குத் தரையில் புதைந்துபோகலாம் என்று இருந்தது.

மறுநாளே குழு போட்டார்கள். தலைவர் நவநீதன். முறையீட்டுப் படிவத்தைத் திருத்துவது பணி. அவர் ராப்பகலாக உட்கார்ந்து, மூன்று கட்டங்கள் போட்ட புதுப் படிவத்தை வரைந்தார். ஜூலை இரண்டாம் தேதி அது ஒப்புதலாகி வந்தது. இடையில் ஜூன் முப்பது வந்து போயிருந்தது. பதினேழு பதிவுகளும் ரத்தாயின. தடத்தில் யாரும் நடக்கவில்லை. டீக்கடைக்காரர் கடையை எடுத்துவிட்டார்.

ஜூலை நடுவில் நவநீதன் ஆம்பூர் பஸ் ஏறினார். அம்மா வேலை பார்க்கும் கம்பெனியிலேயே ஜாஸ்மின் செக்கிங்கில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தார். சாப்பாட்டு நேரத்துக்கு அவள் ஏப்ரனோடு கேட்டுக்கு உள்பக்கம் இருந்த பெஞ்சுக்கு வந்தாள். விரல்நுனியில் பாலிஷ் கறை. "உக்காருங்க சார், சாப்டீங்களா?" என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஜாஸ்மின், படிவம் மாறிடுச்சும்மா. இத்த நிரப்பிக் குடுத்தா பதிவைப் புதுப்பிக்க வழி இருக்குது. பாரு, மூணு கட்டம்."

அவள் வாங்கிப் பார்த்தாள். அடியில் 'வடிவமைப்பு: முனைவர் நவநீதன்' என்று இருந்ததையும் பார்த்தாள். "சார், நாலு ரூலு சுத்துச்சுன்னா?"

நவநீதன் எட்டிப் படிவத்தைப் பார்த்தார். மூன்று நாள் வரைந்திருக்கிறார், மூன்று பேர் சரிபார்த்திருக்கிறார்கள். அதே தப்பு, ஒரு கட்டம் தள்ளி.

ஜாஸ்மின் ஏப்ரன் பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து, மூன்றாவது கட்டத்தைக் காட்டி ஓர் அம்பு ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். கோபமாக ஒட்டவில்லை. காலையிலிருந்து நானூறு ஷூவில் ஒட்டிய மாதிரி ஒட்டினாள்.

அவர் பேனாவை எடுத்தார். மூன்று கட்டங்களையும் அடித்துவிட்டு, 'மோதும் விதிகள் எத்தனையோ அத்தனையும் எழுதுக, ஓரத்திலும் எழுதலாம்' என்று எழுதினார். 'வடிவமைப்பு: முனைவர் நவநீதன்' என்பதையும் அடித்து, அவள் பெயரை எழுதினார். அவள் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு அம்பைப் பிய்த்து எடுத்தாள். நவநீதனுக்குப் பல மாதங்களுக்குப் பிறகு மூச்சு கொஞ்சம் இறங்கியது.

அந்தத் தைரியத்தில் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். ஏழாம் பக்கம். மேசைக்கு அடியிலிருந்து சுரண்டி எடுத்த பழைய அம்பை, பசை போயிருந்ததால் கம் தடவி, பழைய இடத்திலேயே ஒட்டியிருந்தார்.

"இதையும் நீதான் பிய்க்கணும்."

ஜாஸ்மின் பார்த்தாள். "ஜர்னலுக்கு எழுதிட்டீங்களா சார்?"

"இல்லம்மா. தரச்சான்று இல்லாம..."

"அது நம்ம யுனிவர்சிடி படிவம் சார். வெளிநாட்டு ஜர்னலுக்கு எதுக்கு? தப்புன்னு ஒரு வரி மெயில் போட்டா போதுமே. பிப்ரவரிலயே போட்டிருக்கலாம்."

அவருக்கு அது தெரியும். பிப்ரவரியிலேயே தெரியும். படிவத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது வசதியாக இருந்தது.

"இன்னும் சரி பண்ணலியே சார். எப்படிப் பிக்கிறது?" என்றாள் ஜாஸ்மின். சங்கு ஊதியது. அவள் புதுப் படிவத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு லைனுக்குப் போனாள்.

நவநீதன் அந்தப் பக்கத்தோடு கேட்டுக்கு நடந்தார். காவலாளி ஜான் பாஷா அவர் கையைப் பார்த்துவிட்டுக் குறுக்கே நின்றார்.

"இன்னா சார் இது, ஆரோ ஒட்டியிருக்குது? ஆரோ ஒட்டினது எதுவும் கேட்டத் தாண்டக்கூடாது. சரி பண்ணிட்டு எடுத்துப் போங்க."

"இது ஷூ இல்லங்க. காகிதம்."

"எதுவா இருந்தா இன்னா சார்? ஆரோ ஆரோதான்."

இந்தக் காவலாளி எழுந்திருக்கவும் இல்லை, விசில் ஊதவும் இல்லை. நவநீதன் திரும்பிப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்து, போனை எடுத்து, ஆய்விதழின் ஆசிரியருக்கு எழுதத் தொடங்கினார். 'என் கட்டுரையின் ஏழாம் பக்கம், பதினோராவது வரி தவறு என்பது தெளிவு' என்று அடித்தார். கடைசி இரண்டு சொற்களை அழித்தார். 'தவறு. கண்டவர் ஜாஸ்மின். நான் மறைத்தேன்' என்று எழுதி அனுப்பிவிட்டு, சாயங்காலச் சங்குக்காக அங்கேயே காத்திருந்தார்.